இத்தா வீட்டு இடியப்பம்

இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு வாய் இருக்கக்கூடாது என்று எந்தக் கிதாபிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் காத்தான்குடி ஆற்றங்கரைப் பக்கத்து ஆட்கள் அப்படி ஒரு சட்டம் இருப்பதுபோலத்தான் நடந்துகொண்டார்கள். புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் சேர்த்துக்கொண்டது. ஜன்னலைத் திறக்காதே, பகலில் கிணற்றடிக்குப் போகாதே, பலமாகக் கதைக்காதே, சிரிக்கவே சிரிக்காதே. றம்லா இதில் பாதியைக் கேட்டாள். மற்றப் பாதிக்கு அவளிடம் நேரம் இருக்கவில்லை. விடிந்தால் இடியப்பம் அவிக்க வேண்டும்.

அவளுடைய புருஷன் அசனார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றவன். கடல் எழும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைவலை இழுக்கிற இடத்தில் மீனுக்காக நின்றான். மறுநாள் தாழம்பற்றைக்குள் இருந்து ஜனாஸாவை எடுத்தார்கள். றம்லாவும் பிள்ளைகள் இரண்டும் அன்று ஆற்றங்கரையில் மாமி மகள் றபீக்கா வீட்டுக்கு வந்திருந்தபடியால் தப்பினார்கள். கடற்கரைப் பக்கம் இருந்த வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. அது றம்லாவுக்கு உம்மா கொடுத்த சீதன வீடு. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாயிடமிருந்து மகளுக்குப் போகும், ஆண் வந்து குடியிருப்பான். றம்லாவுக்குப் பிறகு அது ஸுஹைனாவுக்குப் போயிருக்க வேண்டும். இப்போது ஸுஹைனாவுக்கு ஒரு சதுரம் சீமெந்துத் தரையும் அதன்மேல் நிறையக் கடல் மணலும்தான் சீதனம்.

மூவரும் றபீக்கா வளவின் பின்பக்கத்துக் குசினிக் கொட்டிலில் இருந்தார்கள். வாசலுக்குக் கதவு கிடையாது. றபீக்காவின் பழைய கட்டில் சீலை ஒன்றைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சீலைக்கு உள்ளே இத்தா, வெளியே ஊர்.

அடுப்பில் எரிந்தது றம்லாவின் சொந்த வீட்டுக் கூரை மரம். கடல் உடைத்துப் போட்ட கைமரங்களை றபீக்காவின் புருஷன் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து குவித்திருந்தான். உப்பில் ஊறிய மரம் முதலில் புகைந்து கண்ணைப் பிழியும். பிடித்துவிட்டால் நின்று எரியும். “வீடா நிண்டு நிழல் தந்துது, இப்ப விறகா நிண்டு சோறு தருது. இந்த மரத்துக்கு இரிக்கிற ரோசம் மனிசருக்கு இல்லகா,” என்று றம்லா சொல்ல, றபீக்கா அழுவதா சிரிப்பதா தெரியாமல் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

இடியப்பம் புதுத் தொழில் இல்லை. அசனார் இருக்கும்போதும் றம்லா அவிப்பாள். மீன் எடுக்கப் போகிற வழியில் இடியப்பப் பேசனைச் சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவது அசனார். இப்போது கை மிஞ்சியது, கால் போய்விட்டது. இத்தாவில் இருப்பவள் பேசனோடு தெருவில் இறங்க ஏலாது. இஷாமுக்கு ஐந்து வயது, தன் சிலேட்டையே தொலைத்துவிட்டு வருகிறவன். மிச்சமிருந்தது ஸுஹைனா. எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, பெரிய பிள்ளையாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவளை யாரும் போகச் சொல்லவில்லை. ஒருநாள் சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி வந்து மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள்.

“உம்மா, தள்ளுங்க. நான் பிழியிறன்.”

“உன்ட மணிக்கட்டுக்கு இது பிடிபடாது. தட்டை அடுக்கு.”

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க. மறுகா பாதிய நான்தானே பிழிஞ்சன்?”

“அது நான் தேங்காய் திருவின நேரம்.”

“இண்டைக்கும் திருவுங்களன். ஆரு வேணாமெண்ட?”

வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிநீரை ஊற்றிச் சூட்டோடு குழைக்க வேண்டும். ஆறினால் இடியப்ப உரலுக்குள் கல்லாகிவிடும். சூட்டோடு பிழிந்தால் உரல் கையைச் சுடும். ஸுஹைனா நெஞ்சை உரலில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, வட்டம் வட்டமாகப் பிழிவாள். வட்டம் கோணும். றம்லா திருத்தமாட்டாள். கோணல் இடியப்பமும் சொதியில் ஊறினால் ஒன்றுதான். வெள்ளைத் துணியால் மூடிய பேசனைத் தலையில் வைத்துப் பிள்ளை இருட்டில் இறங்கிப் போவதைச் சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுத்த ஈட்டுக்கு மா ஆறிவிடும் என்ற பயத்தில்தான் அந்தப் பார்வையை எடுப்பாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கதை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் காலை அது சைக்கிள் மிதித்து வீட்டுக்கே வந்தது.

வந்தவர் றவூப். அசனாரின் கூடப்பிறந்த காக்கா, மூத்தவர், மெயின் ரோட்டில் சீலைக்கடை வைத்திருப்பவர். முன்னால் ஸுஹைனா அழுதுகொண்டு நடந்தாள். பேசன் அவருடைய சைக்கிள் கைபிடியில் தொங்கி ஆடிக்கொண்டு வந்தது.

“றம்லா!” என்றார் சீலைக்கு வெளியே நின்று.

“சொல்லுங்க மச்சான்.”

“இது என்ன வேல? என்ட தம்பிட மகள், பெரிய புள்ளையாகின கொமர், தலையில பேசனோட இப்றாஹிம்ட தேத்தண்ணிக்கடைக்கு முன்னுக்கு நிக்கிறாள். நான் என்ட கண்ணால கண்டன். தோல் உரிஞ்சி போச்சு எனக்கு.”

“யாவாரம் கடைக்கு முன்னுக்குத்தான் மச்சான் நடக்கும். பின்னுக்கு நிண்டா ஆரு வாங்கிற?”

“நீ இத்தாவில இரிக்காய். உன்ட வாய் இன்னும் இத்தாவுக்குப் போகல்ல.”

“அதுக்கு மட்டும் அள்ளா விலக்கு வெச்சிரிக்கான்.”

றவூப் கெட்ட மனிதர் இல்லை. தம்பியின் ஜனாஸாவைத் தாழம்பற்றைக்குள் இருந்து தூக்கியது அவர்தான். முள்ளுக் கிழித்த தழும்பு கையில் இன்னும் இருந்தது. ஆனால் வெள்ளைச் சாரனில் ஒரு சொட்டுச் சேறு பட்டாலும் சகிக்காத மனிதர். தம்பி மகள் தலையில் பேசன் என்பது அந்தச் சாரனில் பட்ட சேறு.

“நாங்க தாறதில்லையா? என்ன குறை வெச்சம்?” என்றார்.

“தந்தீங்க, மச்சான். இல்லயெண்டு சொன்னா வாய் அழுகிப் போகும். அரிசி தந்தீங்க, மீன் டின் தந்தீங்க. மறுகா ஒருநாள் இஷாம் உங்கட வீட்டுக்கு விளையாட வந்த நேரம், ‘நிவாரணம் வந்திரிக்கு, கோப்பையக் கொண்டாங்க’ எண்டு உங்கட வீட்டில சொல்லிச் சிரிச்சிரிக்காங்க. அவன் வந்து எனக்கிட்டக் கேக்கான், ‘உம்மா, என்ட பேர் நிவாரணமா?’ எண்டு. அவனுக்கு வாப்பா வெச்ச பேர் இஷாம். அண்டையில இரிந்து நான் திரும்பவும் உரலைப் புடிச்சன்.”

றவூப் செருமினார்.

“பொண்டுகள்ட பேச்ச விடு. நான் புள்ளைக்கு ஒரு வழி பாத்திட்டன். கண்டிப் பக்கத்தில விடுதி ஒண்டு. வாப்பா இல்லாத பொம்புளப் புள்ளைகளப் படிப்பிக்கிறாங்க. ஓதல், படிப்பு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அவங்கதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு வேன் வருது. நம்மட மரைக்காரையும் கூட்டிக்கொண்டு வாறன். தாய்ட சம்மதம் இல்லாம எடுக்கமாட்டாங்களாம். நீ ஓம் எண்டு சொல்லணும்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி, நாளைக்கி அந்தப் புள்ளைக்கு ஒரு மாப்புள கேட்டு எவன்ட வீட்டுக்கும் நான் போகமாட்டன். பேசன்காறிக்கு நீயே தேடிக்கோ.”

சைக்கிள் போய்விட்டது. ஸுஹைனா உள்ளே வந்து மூலையில் குந்தினாள். ஆடு நனையுது என்று ஓநாய் அழுத கதையாகவும் இருந்தது, அவர் சொன்னதில் ஞாயம் இருப்பதாகவும் இருந்தது. றம்லாவுக்கு இரண்டில் எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை. உரலைக் கழுவினாள்.

அடுத்த நாள் பின்னேரம் ஜீப்பில் இன்னொரு ஆள் வந்தாள். பிள்ளைகளின் நலன் பார்க்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிற கேதீஸ்வரி. பெண் என்றபடியால் சீலையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்து, கொடுத்த பலகையில் சாரியை இழுத்துவிட்டுக் குந்தினாள். பங்குனி வெயில் கிடுகுக் கூரைக்குள்ளால் ஊசியாக இறங்கியது. ஆற்றில் தண்ணீர் வற்றி, கரையில் ஒதுங்கிய ஆற்றுவாழை அழுகிய மணம் கொட்டிலுக்குள் நின்றது. றம்லா சீனி போடாத தேத்தண்ணியும் உள்ளங்கையில் நக்கிக் குடிக்கக் கொஞ்சம் சீனியும் கொடுத்தாள்.

“அக்கா, நான் சண்டைக்கு வரல்ல,” என்றாள் கேதீஸ்வரி. “ஸ்கூலில டீச்சர் சொன்னா, புள்ள முதல் பாடத்திலயே மேசையில சாஞ்சு நித்திரை எண்டு. கணக்கில நல்ல புள்ளயாம். அதுதான் வந்தன்.”

“நித்திர வந்தா கொள்ளட்டும். அது களவா?”

“விடிய அவளுக்கு என்ன வேலை?”

“எனக்குக் கால். வேற என்ன?”

“புள்ளைக்குப் படிப்புத்தானே அக்கா வேலை?”

“மிஸ், நான் ஒண்டு கேக்கன். முதலாளிட மகன் வாப்பாட கடையில நிண்டு சாமான் நிறுக்கிறான். அவனைப் புடிச்சி எழுதிறீங்களா? ‘யாவாரம் பழகிறான், கெட்டிக்காறன்’ எண்டு சொல்லுவாங்க. என்ட மகள் பேசன் தூக்கினா மட்டும் அதுக்கு வேற பேரா?”

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. “அது ஞாயம்தான்,” என்றாள்.

றம்லாவுக்கு அந்தச் சிரிப்புப் போதவில்லை. இரண்டு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அந்தத் தமிழ்ப் பெட்டையின் தலையில் கொட்டியது. “இந்தப் பக்கமெல்லாம் புள்ளைகள இயக்கத்துக்குப் புடிச்சிக்கொண்டு போய் கையில துவக்கக் குடுத்த நேரம் வயசு கேட்ட ஆள் ஆரு? ஒருத்தரையும் காணல்ல. இப்ப என்ட புள்ள பேசன் தூக்கினா மட்டும் வயசு கேட்டு ஜீப்புல வாறீங்க!”

கேதீஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

“என்ட ஊர் வெல்லாவெளி, அக்கா. அப்பாக்கு இடுப்பு ஏலாமப் போயிட்டு. நானும் தம்பி நிலோஜனும்தான் வட்டைக்குப் போவம், வயலில புல்லுப் புடுங்க. கூலிக்குத்தான். ‘நீ ஸ்கூலுக்குப் போ, உன்ட பங்கையும் நான் புடுங்கிறன்’ எண்டு அவன் என்னை விரட்டுவான். ஒருநாள் விடியப்புறம் இருட்டோட தனியாப் போனவன். நான் ஸ்கூல் விட்டுச் சோறு கொண்டு போறன், வரம்பில அவன்ட சாப்பாட்டுத் துவாயும் மண்வெட்டியும் கிடக்கு. ஆளில்ல. பதினாலு வயசு.”

“வந்தானா?”

“போன வரியம் விட்டாங்க. வந்தான். ஆனா இன்னும் ஆரோடயும் ஒரு சொல்லுக் கதைக்கிறானில்ல. முத்தத்தில கோழி கத்தினாலும் எழும்பி நிக்கிறான்.” அவள் சாரித் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “நீங்க சொல்றது சரி. அப்ப ஒருத்தரும் வயசு கேக்கல்ல. அதுதான் இப்ப நான் கேக்கிறன். அவன்ட உழைப்பிலதான் நான் படிச்சன். இருட்டில தனியாப் போற புள்ளயக் கண்டா எனக்கு நெஞ்சு கிடந்து பதறும்.”

றம்லா எழும்பிப் போய் இன்னும் கொஞ்சம் சீனி எடுத்து வந்து அவளுடைய கையில் வைத்தாள். வேறு என்ன செய்வது?

“வெள்ளிக்கிழமை வேன் வருது, விடுதிக்கு அனுப்பு எண்டு மச்சான் சொல்றாரு. நீங்களும் அதத்தான் சொல்றீங்களா, மிஸ்?”

“அத நான் சொல்லமாட்டன். அது தாய்ட மனசு. ஆனா இப்பிடியே போக விடாதீங்க. வெள்ளிக்கிழமை நானும் வாறன்.”

அன்று மஃரிபு வாங்கு சொல்லும்போது ஸுஹைனா புத்தகத்தின் மேலேயே நித்திரையாகிக் கிடந்தாள். தொழுகைக்கு எழுப்ப றம்லா தோளைத் தட்டினாள், உலுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை அசையவில்லை. வலது உள்ளங்கை விரிந்து கிடந்தது. உரல் சுட்ட இடம் கொப்பளித்து, உடைந்து, மீண்டும் கொப்பளித்திருந்தது. உம்மாவுக்குக் காட்டாமல் மருதாணி பூசி மறைத்திருக்கிறாள், கள்ளி! றம்லா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். புருஷன் செத்ததற்குக்கூட இப்படி அழவில்லை. அதற்குக் கடலைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

என் வீம்புக்குப் பிள்ளையை எரிக்கிறேனா என்று கேட்டுக்கொண்டாள். ‘நிவாரணம்’ என்று எவளோ சொன்னதற்கு இந்தக் கை வேக வேண்டுமா? விடுதியில் விடியும்வரை படுத்திருப்பாள். யாரோ சோறு போடுவார்கள். கணக்குப் படிப்பாள். நாளைக்கு இந்த மிஸ்ஸைப்போல சாரி உடுத்துக்கொண்டு ஜீப்பில் வருவாள். பிள்ளையைப் பிரிந்து இருப்பது தாய்க்கு நோவு. அது தாயின் பாடு, பிள்ளையின் பாடு அல்ல. ‘ஓம்’ என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். எடுத்த முடிவை றபீக்காவிடம் மட்டும் சொன்னாள். கிடுகு மறைப்புக்குக் காது உண்டு என்பதை மறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வேன் ஒழுங்கை முனையில் வந்து நின்றது. சீலைக்கு வெளியே றபீக்கா போட்ட கதிரைகளில் றவூபும் முகைதீன்பாவா மரைக்காரும் இருந்தார்கள். மரைக்கார் அவர்களுடைய குடிவழிக்குப் பள்ளியில் தலைமை, பேசினால் நாலு சொல்லுக்கு மேல் போகாத மனிதர். சீலைக்கு உள்ளே றம்லா, பக்கத்தில் ஸுஹைனா, எதிரே கேதீஸ்வரியும் றபீக்காவும். மூலையில் இஷாம் மாப்பேணித் தகரத்துக்குள் கைவிட்டுக்கொண்டு இருந்தான். ஸுஹைனாவின் இரண்டு உடுப்பும் குர்ஆனும் ஒரு பையில் கட்டித் தயாராக இருந்தன. கட்டியது றம்லாதான்.

“றம்லா, நேரமாகுது. வேன் நிக்குது,” என்றார் றவூப். “என்ன சொல்றாய்?”

றம்லா வாயைத் திறந்தாள். ‘ஓம்’ என்கிற ஒரு சொல் எவ்வளவு சின்னச் சொல்! அதைச் சொல்லாமல் பையின் முடிச்சை இன்னொருமுறை இழுத்து இறுக்கினாள்.

“மச்சான்,” என்றது குரல். “என்ட புள்ள எங்கயும் வரமாட்டா.”

றம்லாவின் குரலேதான். ஆனால் றம்லா பேசவில்லை. பெரிய பிள்ளையான நாளிலிருந்து ஸுஹைனாவுக்குத் தாயின் தொண்டை வந்திருந்தது. அந்தக் கனமும், வசனத்தின் கடைசியில் கொஞ்சம் இழுத்து நிறுத்துகிற அந்தத் திமிரும் அப்படியே இருந்தன. முகத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம். இத்தாச் சீலைக்கு வெளியே இருந்தவர்கள் எந்த முகத்தைப் பார்ப்பது? பிள்ளை தாயையும் பார்க்காமல், வேறு யாரையும் பார்க்காமல், சீலையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பெரிய வாப்பாவை மச்சான் என்று விட்டாளே! றபீக்கா தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள். கேதீஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

“நல்லா யோசிச்சியா?” என்றார் றவூப்.

“யோசிச்சன், மச்சான். புள்ள எனக்கிட்டக் கேட்டாள். ‘உம்மா, வாப்பாவக் கடல் கொண்டு போச்சு. அதுக்கு நாம ஒண்டும் செய்ய ஏலாது. என்னை வேன் கொண்டு போறதுக்கு நீங்க ஏன் பை கட்டிக் குடுக்கிறீங்க?’ எண்டு கேட்டாள்.”

ஸுஹைனா ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை. இதை இப்போதுதான், தன் குரலிலேயே றம்லா கேட்கிறாள்.

“சின்னப் புள்ள பேசிற பேச்சா இது?”

“இன்னும் பேசினாள், மச்சான். ‘பேசன் தலையில பாரம்தான். வீட்டுக்கு வந்தா இறக்கி வெச்சிடலாம். விடுதியில நான் படுத்திரிக்க, உம்மா தனியா கிடந்து பிழியிறாவே எண்ட நெனப்ப நான் எங்க இறக்கி வெக்கிற?’ எண்டாள். நான் என்ன பதில் சொல்ல? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.”

றவூப் மரைக்காரைத் திரும்பிப் பார்த்தார். மரைக்கார்தான் பேசினார்.

“மகளே றம்லா, இது புள்ளைட காரியம். தாய்ட வாயால ஒருக்காத் தெளிவாச் சொன்னா நாங்க எழும்புவம்.”

ஸுஹைனா மூச்சிழுத்தாள். றம்லா எட்டி அவளுடைய வாயைப் பொத்தினாள்.

“மரைக்கார், மச்சான், ரெண்டு பேரும் பொறுக்கணும்,” என்றாள். “இவ்வளவு நேரமும் கதைச்சது நானில்ல. என்ட மகள். இப்ப கதைக்கிறதுதான் நான்.”

“என்ன!” றவூபின் கதிரை பின்னால் விழுந்தது. “தம்பிட மகள் என்னை மச்சான் எண்டு கூப்பிட்டவளா? படச்சவனே! மரைக்கார், கேட்டீங்களா இந்தக் கூத்த?”

மரைக்கார் தாடிக்குள் சிரித்ததை றபீக்கா சீலை ஓட்டையால் பார்த்துவிட்டாள்.

“அவள் செஞ்சது பிழை. அதுக்கு நான் காதைத் திருகுவன்,” என்றாள் றம்லா. “நான் ஓம் எண்டு சொல்லத்தான் இரிந்தன். பையும் கட்டிட்டன். அவள்ட கை வெந்து போயிரிக்கு மச்சான், நான் பாத்தன். அந்தப் பிழை என்டது. இனி அவள் உரல் தொடமாட்டாள். இருட்டில எழும்பமாட்டாள். நல்லா வெளிச்சம் வந்த பொறகு ஒரு நடை போவாள், மறுகா ஸ்கூலுக்குப் போவாள். என்ட இத்தா முடியிற வரைக்கும்தான். முடிஞ்ச அண்டைக்கு பேசன் என்ட தலைக்கு வந்திடும். ஆனா அவள் இஞ்சதான் இரிப்பாள். இது அவள்ட குடும்பம், அவள்ட வயிறு, அவள்ட தம்பி. அதுக்கு ஒரு கை குடுக்கிறது கேவலமெண்டு அவளுக்கு ஆரும் படிப்பிக்க வேணாம்.”

“அப்ப ஊர் சிரிக்கட்டும் எண்டுறாய்?”

“தலைக்கு மேல வெள்ளம் போயிட்டு, மச்சான். மறுகா சாண் என்ன, முழம் என்ன? உங்கட தம்பி இந்தப் பேசனைத்தான் சைக்கிள்ல வெச்சிக்கொண்டு உங்கட கடைக்கு முன்னால போனாரு. அண்டைக்குத் தோல் உரியல்ல. ஒரு கொமர் தூக்கிறது வெக்கமெண்டா, பெரிய வாப்பா நீங்க இரிக்கீங்க. நாளைக்கி விடிய வாங்க. நான் தூக்கித் தாறன், நீங்க கொண்டு போங்க. அவள் வீட்டில இரிக்கட்டும்.”

றவூப் விழுந்த கதிரையை நிமிர்த்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“சரி. பிடிவாதக்காறியோட என்ன பேசிற? ஒண்டு செய். மெயின் ரோட்டால வேணாம். பின் ஒழுங்கையால போகட்டும். முக்காட்டை இழுத்துவிட்டு, ஆருக்கும் தெரியாம.”

“களவெடுத்த சாமானா மச்சான், ஒழுங்கையால கொண்டு போக? ரோட்டாலதான் போவாள்.”

மரைக்கார் எழும்பினார். “முடிஞ்சுது,” என்றார். “வேனை அனுப்புங்க, றவூப்.” போகும்போது சீலைப் பக்கம் திரும்பாமலே, “நம்மட வீட்டுக்கும் கொஞ்சம் குடுத்து விடு மகளே, நாளைக்கி,” என்றார்.

“இனி இந்த வாசலுக்கு நான் வரமாட்டன்,” என்றார் றவூப்.

“வராட்டியும் நீங்க என்ட புள்ளைகளுக்குப் பெரிய வாப்பாதான். கடப்பைச் சாத்திட்டுப் போங்க, ஆடு வந்து மாவத் திண்டிடும்.”

அவர்கள் போன பிறகு றம்லா சொன்னபடி மகளின் காதைப் பிடித்துத் திருகினாள். பிள்ளை, “உம்மோவ்!” என்று கத்தினாள். திருகிய கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். இஷாம் மாவு பூசிய முகத்தோடு வந்து நடுவில் புகுந்தான். றபீக்கா பையை அவிழ்த்து உடுப்புகளைத் திரும்பவும் கயிற்றில் போட்டாள்.

கேதீஸ்வரி எழும்பி நின்று சாரியைத் தட்டினாள். “அக்கா, புள்ள வேலை செய்யிறா எண்டு நான் எழுதத்தான் வேணும். ஒளிக்க ஏலாது.”

“எழுதுங்க மிஸ். ஆருக்கு வேல செய்யிறாள் எண்டும் சேத்து எழுதுங்க. மறுகா வந்து பாருங்க, அவள் ஸ்கூல்ல நித்திர கொண்டா எனக்கிட்ட வந்து ஏசுங்க. நான் கேப்பன்.”

“வருவன்,” என்றாள் கேதீஸ்வரி. “கட்டாயம் வருவன். சும்மா விடமாட்டன்.”

மறுநாள் றம்லா தனியாகக் குழைத்தாள், தனியாகப் பிழிந்தாள், தனியாகத் திருவினாள். வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் அவிக்க முடிந்தது. இடுப்பு நொந்தது. ஸுஹைனா பாயில் விழித்துக்கொண்டு கிடந்து, “உம்மா, எழும்பட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “கண்ணைத் திறந்தா காலை முறிப்பன்,” என்று பதில் வந்துகொண்டே இருந்தது. கிடுகு ஓட்டைகளில் வெள்ளை வெளிச்சம் வந்து, ஆற்றுப் பக்கம் கொக்குகள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் எழும்ப விட்டாள். முகம் கழுவ வைத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு இடியப்பம் தின்ன வைத்து, பேசனைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

றவூப் வரவில்லை. வருவார் என்று றம்லா எதிர்பார்க்கவும் இல்லை.

சீலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தயங்கி நின்றாள். இப்போது வெளிச்சம். எல்லாக் கடையும் திறந்திருக்கும், எல்லாக் கண்ணும் பார்க்கும். பெரிய வாப்பாவின் கடையும்தான்.

“உம்மா, பெரிய வாப்பா மறிச்சா?”

“மறிச்சா நில்லு,” என்றாள் றம்லா. “‘எத்தின இடியப்பம் வேணும்?’ எண்டு கேளு.”